கடைசி ஸஃப்பில் நாற்காலிகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்ட பின் சில நிமிடங்கள் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணிப்பது வழக்கம். இவ்வாண்டு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், சற்று முன் பொருளாளர் அவர்கள் வாசித்த செலவுக் கணக்கிலேயே இருக்கிறது. மின்கட்டணம், தண்ணீர் மோட்டார் பழுது, பாய்கள் வாங்கியது, நோன்புக் கஞ்சிச் செலவு ஆகியவற்றுக்கு நடுவே "நாற்காலிகள் வாங்கிய வகையில்" என்றொரு வரி வந்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஆண்டுக்கும் பன்னிரண்டு நாற்காலிகள் வாங்க அனுமதி கேட்டுத் தீர்மானம் வரவிருக்கிறது. அத்தீர்மானத்தை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். ஆயினும் அந்த ஒரு வரியை அப்படியே கடந்து போய்விட எனக்கு மனம் வரவில்லை.

நான் இந்தப் பள்ளியில் பணியேற்ற நாளில் இரண்டே இரண்டு மர நாற்காலிகள் சுவரோரமாகக் கிடந்தன. இன்று கடைசி ஸஃப் முழுவதும் நாற்காலிகள். முன் ஸஃப்களின் இரு ஓரங்களிலும் நாற்காலிகள். அமர்ந்திருப்பவர்கள் அனைவரும் எண்பது வயதுப் பெரியவர்கள் என்றால் நான் பேச வேண்டியதே இல்லை. ஐம்பதைத் தாண்டாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் வழங்கியிருக்கும் சலுகை. நோயுற்றிருந்த ஸஹாபி இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த விடையை நீங்கள் அறிவீர்கள். ஆகவே நாற்காலியில் தொழுபவரைக் குறை கூறவோ, ஏளனமாகப் பார்க்கவோ எவருக்கும் உரிமை இல்லை. என் கவலை வேறு. அஸருக்குப் பின் ஓரிருவரிடம் தனிமையில் கேட்டுப் பார்த்தேன். அவர்களுள் பலரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்: "ஹள்ரத், உட்கார்ந்துவிட முடிகிறது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை."

இந்த விடையைச் சற்று யோசித்துப் பாருங்கள். நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. எழுவதற்கு வலு இல்லை என்றே சொன்னார்கள். தரையிலிருந்து எழும்போது உடலின் பாரம் முழுவதையும் தொடைத் தசைகளும் பிட்டத் தசைகளும்தான் தூக்க வேண்டும். அந்தத் தசைகளுக்கு நாம் பல ஆண்டுகளாக வேலையே கொடுக்கவில்லை. நம் தாய் தந்தையர் தரையில் அமர்ந்து உண்டார்கள், குந்தி அமர்ந்து பாத்திரம் துலக்கினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள். நமக்கோ உணவு மேசையில்; கழிப்பறையிலும் நாற்காலி போன்ற அமைப்பு; தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டர். நம்மில் பலருக்கு ஒரு நாளில் தரைக்கு இறங்கி எழும் வேலை தொழுகையில் மட்டுமே எஞ்சியிருந்தது. அதையும் நாற்காலி வாங்கிக்கொண்டது.

இதில் நானும் விதிவிலக்கல்லன். பல ஆண்டுகளாக மக்தபில் அமர்ந்து ஓதிக் கொடுப்பது, பைக்கில் போவது, விருந்துகளில் தட்டாமல் உண்பது, இவையே என் உடலுழைப்பு. இரண்டு ரமளானுக்கு முன் ஒரு தராவீஹில், ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போது, கையைத் தரையில் ஊன்றினால்தான் எழ முடியும் என்ற நிலை வந்தது. கையை ஊன்றி எழுவது பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் அந்த மஸ்அலாவைப் பேசவில்லை. விரும்பி ஊன்றுவது வேறு, ஊன்றாமல் முடியாது என்பது வேறு. பின்னால் நின்றவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது.

பெருநாள் கழிந்து மருத்துவரிடம் சென்றேன். மூட்டில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்றார். வலி மாத்திரை எழுதித் தருவார் என்று எதிர்பார்த்திருந்த என்னிடம், "தொடைத் தசையைப் பலப்படுத்துவதுதான் இதற்கு முதல் மருந்து, ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேருங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜுப்பாவும் தொப்பியுமாகத் திரியும் நான் ஜிம்முக்குப் போவதா?

போனேன். நம் கே.கே. நகரிலேயே, பலமுறை கடந்து சென்ற ஒரு மாடிக் கட்டடத்தில்தான் அது இருந்தது. வெளியே பலகையில் 'ஃபங்க்ஷனல் டிரெய்னிங்' என்று எழுதியிருந்தது. பயிற்சியாளர் என் மகன் வயதுடைய ஓர் இளைஞர். நான் படியேறி வந்ததைக் கண்டதும் நன்கொடை வசூலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, "ஓனர் சாயங்காலம் வருவாருங்க பாய்" என்றார். சேர வந்திருக்கிறேன் என்றதும் சங்கடப்பட்டுப் போனார். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள், பார்க்கலாம்" என்றார். எந்த நாற்காலிக்குப் பயந்து ஓடி வந்தேனோ, அதே நாற்காலியில்தான் என் பயிற்சி தொடங்கியது!

அந்தப் பலகையில் கண்ட சொல்லின் பொருளை விளக்கிவிடுகிறேன். கண்ணாடி முன் நின்று புஜத்தைப் பெருக்கிக் காட்டுவது ஒருவகைப் பயிற்சி. அது போட்டிகளுக்குச் செல்வோருக்கு உரியது. இது அதுவன்று. அன்றாட வாழ்வில் உடல் செய்ய வேண்டிய அசைவுகளையே எடுத்துக்கொண்டு, அவற்றைச் சிறிது சிறிதாகப் பாரம் கூட்டிப் பழக்குவது இது. உட்கார்ந்து எழுதல், இடுப்பில் மடங்கித் தரையிலிருப்பதைத் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், படியேறுதல், சுமந்து நடத்தல் என்று ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல் எண்ணிவிடலாம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி வைப்பதும், அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றுவதும், பேரப்பிள்ளையைத் தரையிலிருந்து தூக்கிக் கொஞ்சுவதும் இவற்றுள் அடக்கம். ஹஜ்ஜில் ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு முறை சென்றால் மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்கிறோம். கால்களைச் சேர்த்து வைப்பதில்லை. ஜனாஸாவின் சந்தூக்கைத் தோளில் ஏந்தி மையவாடி வரை செல்ல இன்று முன்வருபவர்கள் எத்தனை பேர் என்பதையும் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இது மேல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் நாட்டுக் கூடங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தவை. கர்லாக்கட்டையை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயப் படையினர்தாம் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 19ஆம் நூற்றாண்டில் அது அங்கே பெரும் வழக்கமாகி, 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும், 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடந்தது. 1910ஆம் ஆண்டு லண்டன் சென்று ஐரோப்பிய மல்லர்களைத் திகைக்க வைத்த காமா பஹல்வானின் அன்றாடப் பயிற்சி தண்டாலும் பைட்டக்கும்தான். பைட்டக் என்பது நம் பஸ்கியே. நாம் கைவிட்டதை அவர்கள் இரும்பில் வார்த்து, பெயர் மாற்றி, மாதக் கட்டணத்துக்கு நமக்கே திருப்பித் தருகிறார்கள்.

தரையிலிருந்து எழுவது அவ்வளவு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். பிரேசில் நாட்டு மருத்துவர் அரௌஜோவும் அவருடைய குழுவினரும் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து மதிப்பெண் இட்டார்கள். அமர்வதற்கு 5, எழுவதற்கு 5. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று குறையும். தடுமாறினால் அரை குறையும். அதன்பின் அவர்களைச் சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்து 2012ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவர்களிடையே இறப்பு, எட்டும் அதற்கு மேலும் பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அதுபோலவே இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரின் கைப்பிடி வலுவை அளந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பிடியின் வலு ஐந்து கிலோ குறையுந்தோறும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது.

அஜல் அல்லாஹ்விடம் உள்ளது. பஸ்கி போட்டால் ஆயுள் நீளும் என்று நான் சொல்ல வரவில்லை. வலு குறைந்த உடல் பிற நோய்களுக்கும் எளிதில் இடம் கொடுக்கிறது என்பதே இவற்றின் பொருள். சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது என்று மதிப்பிட்டது. தமிழகத்தில் அது நூற்றுக்கு 14.4 பேர். உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை இன்சுலினின் துணையோடு உள்வாங்கிக்கொள்வது தசைகள்தாம். தசை சுருங்கினால் சர்க்கரை போய்ச் சேர இடமில்லை.

"நான் தினமும் நடக்கிறேனே" என்பார்கள் சில சகோதரர்கள். சுந்தரம் பூங்காவிலும் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் காலையில் நம்மவர்கள் பலரைக் காண்கிறேன், மகிழ்ச்சி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை மிக நல்லது. ஆனால் நடை தொடைக்குத் தரும் பாரம் சிறிது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் தடுமாறி விழாமலிருக்க, நிலை பிசகாமைக்கான பயிற்சியை வாரம் மூன்று நாட்கள் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

வேறு சிலர், "நாளொன்றுக்கு 17 ரக்அத் ஃபர்ளு, 34 ஸஜ்தா, தொழுகையே உடற்பயிற்சிதானே" என்கிறார்கள். மேடைகளில் இவ்வாறு பேசும் ஆலிம்களும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சி என்று புகழ்வது அதன் மதிப்பை உயர்த்துவதாகாது. மேலும், அது உண்மையும் அன்று. ஒரே பாரத்தை ஒரே அளவில் நாள்தோறும் தூக்கினால் உடல் அதற்குப் பழகிக்கொள்ளுமே தவிர, வலு கூடாது. சிறிது சிறிதாகப் பாரம் கூடினால்தான் தசை வளரும். தொழுகைக்கு உடலை ஆயத்தப்படுத்தப் பயிற்சி தேவை. தொழுகையைப் பயிற்சியாக்கத் தேவையில்லை.

இனித் தொடங்கும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். நான் செய்த தவற்றையே முதலில் சொல்லிவிடுவது நல்லது. சேர்ந்து ஒரு வாரம் ஆனதும், பக்கத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் இரு கைகளிலும் இரும்பை ஏந்திப் பஸ்கி எடுப்பதைக் கண்டு, பயிற்சியாளர் அப்பால் போயிருந்த நேரத்தில் நானும் அதை எடுத்தேன். மறுநாள் ஃபஜ்ருக்கு இருப்பில் அமரவே முடியவில்லை. மூன்று நாட்கள் மோதினாரைத் தொழ வைக்கச் சொல்லிவிட்டு, மிம்பர் அருகே சாய்ந்திருந்தேன். காரணத்தை அவர் இன்றுதான் அறிகிறார்.

எனவே, நாற்பதைக் கடந்தவர்களும், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்; பாரம் தூக்குவது அவர்களுக்குத் தீங்காகலாம். பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சுவரோரம் போட்ட நாற்காலியில் 30 வினாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி, 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களுக்கு 14க்குக் கீழும், பெண்களுக்கு 12க்குக் கீழும் வந்தால் வலு குறைவு என்று பொருள். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள்.

கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இயந்திரங்களின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பாரத்தைக் கையில் கொடுக்கும் முன் உங்கள் நோய், வலி, மருந்து பற்றிப் பயிற்சியாளர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் சேர வேண்டாம். முதல் நாளே ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி என்று சொல்வார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஆண்டுக் கட்டணம் செலுத்திவிட்டுப் பத்து நாள் போனவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

வாரத்தில் இரண்டு நாட்கள் போதும். இடையில் இரண்டு நாட்களாவது ஓய்வு வேண்டும். திங்கள், வியாழன் நோன்பு நோற்பவர்கள் ஞாயிறும் புதனும் வைத்துக்கொள்ளலாம். முதல் நான்கு வாரங்கள் இரும்பே வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து எழுதல். சுவரில் கை வைத்துத் தண்டால். முதுகை நேராக வைத்து, ருகூவுக்குக் குனிவது போல் இடுப்பில் மடங்கி நிமிர்தல். ரப்பர் பட்டையை மார்புவரை இழுத்தல். இரு கைகளிலும் இலேசான பைகளைத் தொங்கவிட்டு நடத்தல். ஒவ்வொன்றையும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, சற்று இளைப்பாறி மீண்டும் ஒரு முறை. இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். பன்னிரண்டு எளிதாகிவிட்டால், நாற்காலியின் உயரத்தைக் குறைக்கலாம். அல்லது இரண்டு கிலோவைக் கையில் ஏந்தலாம். அவ்வளவுதான் அதன் இரகசியம்.

பாரத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். எழும்போது மூச்சை விடுங்கள். மறுநாள் தசை வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் குத்துவது போன்ற வலியோ, நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செல்லாதீர்கள். சட்டைப் பையில் நாலு பேரீச்சம்பழம் இருக்கட்டும்.

உடையைப் பொறுத்தவரை, தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மறைந்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தளர்வான முழுநீளக் காற்சட்டையே பயிற்சிக்கும் வசதியானது. இரைச்சலான பாட்டு ஒலிக்கும் இடமாயின், கூட்டம் இல்லாத நேரத்தைக் கேட்டுப் பெறலாம். நான் முற்பகல் பதினொரு மணிக்குச் செல்கிறேன். அப்போது நானும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும்தான் இருப்போம்.

தாய்மார்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் தேவை. மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. பாரம் தூக்கும் பயிற்சி அதைத் தாங்கிப் பிடிக்க உதவுகிறது. பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உள்ள கூடங்கள் இருக்கின்றன. இயலாதவர்கள் வீட்டிலேயே நாற்காலியை வைத்துத் தொடங்கலாம். "சமையலறையில் நாள் முழுதும் நிற்கிறாளே, அது போதாதா" என்று கணவன்மார் சொல்லக் கூடாது. நின்றுகொண்டே இருப்பது வலுவைக் கூட்டுவதில்லை; காலை வீங்கச் செய்கிறது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரே ஒரு செய்தி. மூன்று மாதத்தில் உடல் பெருக ஊசி இருக்கிறது என்று எவரேனும் காதில் ஓதினால், அந்தக் கூடத்தின் படியை மீண்டும் மிதிக்காதீர்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் ஈரலையும் கெடுக்கிறது. பிள்ளைப் பேற்றையும் பாதிக்கிறது. பவுடர் டப்பாவும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் இவற்றிலேயே அது கிடைத்துவிடும். பிரியாணியிலும் கிடைக்கும், சோற்றை ஒதுக்கிக் கறியை மட்டும் உண்பவருக்கு!

வயதாகிவிட்டது, இனி என்ன என்று கடைசி ஸஃப்பில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்கான பாரப் பயிற்சி அளித்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில், முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. எட்டே வாரங்கள்!

தனி ஒருவராகத் தொடங்கினால் பத்து நாளில் நின்றுவிடும். கூட்டாகத் தொடங்கினால் நிற்கும். அதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. அண்ணா நகர் அருகேயுள்ள ஆசியாட் காலனியில் 1990களின் பிற்பகுதியில் சர்க்கரை நோய் மருத்துவர் மோகன் அவர்களின் குழுவினர் ஆய்வு நடத்தி, நோயின் அளவை அங்குள்ள மக்களிடம் எடுத்துரைத்தார்கள். அம்மக்கள் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் முன்பு நூற்றுக்கு 14.2 பேராக இருந்தனர். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 58.7 பேராக உயர்ந்திருந்தனர். 2006இல் இந்த விவரம் வெளியானது. அங்கே பூங்கா கட்டினார்கள். நாம் எதையும் கட்ட வேண்டியதில்லை.

நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது இதுதான். பன்னிரண்டு நாற்காலிகளை வாங்குங்கள். அவற்றில் ஆறு, கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலிகளாக இருக்கட்டும். ஞாயிறும் புதனும் அஸருக்குப் பின் அரை மணி நேரம், பள்ளியின் கீழ்த்தள மக்தப் அறையில் அவற்றைச் சுவரோரம் போட்டு, ஐம்பதைக் கடந்தவர்களுக்கு முதல் நான்கு வாரப் பயிற்சியை நடத்துவோம். நான் பயிலும் கூடத்தின் பயிற்சியாளர் வந்து கற்றுத்தர இசைந்திருக்கிறார். பெட்ரோல் செலவு மட்டும் கேட்டார், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நான்கு வாரம் முடிந்தபின் விரும்புவோர் கூட்டமாகச் சேர்ந்தால் மாதக் கட்டணத்தைக் குறைத்துத் தருவதாகவும் அவருடைய முதலாளி சொல்லியிருக்கிறார்.

முதலில் பன்னிரண்டு பேர் போதும். பெயர் தர விரும்புவோர் இன்று மஃரிபுக்குப் பின் மோதினாரிடம் பதிந்துகொள்ளுங்கள். வரும் ஞாயிறு முதல் வகுப்பு. மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். கைலியில் வர வேண்டாம்.